நபீசா வீட்டு எட்டுப்பட்டைக் கிண்ணம்

கிண்ணத்தை உடைத்தது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பூனை தட்டிவிட்டது, பாத்திரம் கழுவ வருகிற அம்மா போட்டுவிட்டார் என்றெல்லாம் கதை கட்ட எனக்கும் தெரியும். ஏற்கெனவே ஒரு கதை கட்டி, அதைக் காப்பாற்ற நாலு மாதம் களிமண்ணில் புரண்டுவிட்டு வந்திருக்கிறேன். இன்னொரு கதைக்கு உடம்பில் தெம்பு இல்லை.

ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை, தெரியாத நம்பரிலிருந்து போன். "வடிவு இருக்காளா?" என்றது ஒரு பெண் குரல்.

சண்முகவடிவு என்கிற என் பெயரை வெறும் 'வடிவு' ஆக்கி, 'இருக்காளா' என்று உரிமையோடு கேட்க இப்போது யார் இருக்கிறார்கள்? அம்மா இல்லை, அப்பா இல்லை. வீட்டுக்காரர் 'ஏட்டி' என்பார். மற்றவர்களுக்கு நான் மேடம், ஆன்ட்டி, அல்லது 'இந்தப் பத்தி எழுதுகிறவர்'.

"யாரு பேசுறது?"

"நான் நபீசா, புள்ள. காயல்பட்டினம் நபீசா!"

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்பா காயல்பட்டினம் போஸ்ட் ஆபீஸில் வேலை பார்த்தபோது நபீசா வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தோம். ஏழாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை நானும் அவளும் ஒரே பெஞ்சு, ஒரே ஜாமென்ட்ரி பாக்ஸ், ஒரே பேன்சீப்பு. இரண்டு வீட்டிலும் ஒரே திட்டு. பிறகு எங்களுக்கு மாற்றல் வந்தது. அவர்கள் குடும்பத்தோடு கொழும்புக்குப் போனார்கள். கொஞ்ச நாள் கடிதம்... அப்புறம் அதுவும் இல்லை. இப்போது பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். நபீசாவின் உம்மா போன வருடம் இறந்துவிட்டார்களாம். மகளைத் துபாயில் கட்டிக் கொடுத்துவிட்டு, காயல்பட்டினத்தில் உம்மாவின் பழைய வீட்டுக்கே நபீசா திரும்பி வந்துவிட்டாளாம்.

"எப்ப வார?" என்றாள்.

"இந்த ஞாயித்துக்கிழமையே வாரேன்!" என்றேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் பரணில் கை வைத்தேன்.

பரணில் இருந்தது நபீசா வீட்டுக் கிண்ணம். அது ஏன் என் வீட்டுப் பரணில் இருந்தது? அதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து பாத்திரத்தில் ஏதாவது வந்தால், அந்தப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒரு கை சீனி, நாலு முருங்கைக்காய், ஒரு சீப்புப் பழம்... ஏதாவது வைத்துத்தான் கொடுக்க வேண்டும். வெறும் பாத்திரத்தை நீட்டினால் 'இத்தோடு சரி' என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமாம். இதில் என் அம்மா ரொம்பக் கண்டிப்பு.

நாங்கள் ஊர் மாறிய வருட நோன்பில் ஒரு சாயங்காலம், உம்மா எங்களுக்கு நோன்புக் கஞ்சி கொடுத்துவிட்டார்கள். எவர்சில்வர் தூக்கில் அல்ல... நபீசாவின் வாப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்த பீங்கான் கிண்ணத்தில். பிஞ்சு வெண்டைக்காய்ப் பச்சை. வெளிப்பக்கம் வழவழவென்று உருண்டையாக இல்லாமல், டீக்கடைப் பட்டைக் கிளாஸ் மாதிரி பட்டை பட்டையாகச் சீவியிருக்கும். ஒரு பட்டையும் அடுத்த பட்டையும் சேருகிற இடத்தில் பச்சை விலகி, அடியில் இருக்கிற மண்ணின் பழுப்பு மெல்லிய கோடாகத் தெரியும். ஆறு கிண்ணம் ஒரு செட். அதில் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது.

கஞ்சியைக் குடித்தோம். அம்மா கிண்ணத்தைக் கழுவித் துடைத்து வைத்தாள். "வெள்ளிக்கிழமை சுசியம் சுட்டு இதுல வச்சுக் குடுத்துருவோம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை பார்த்தால் பாசிப்பயறில் வண்டு. சரி, அடுத்த வெள்ளி. அதற்குள் சேரன்மகாதேவியில் பெரியப்பா தவறிவிட்டார். தீட்டு வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கலாமா? பதினாறு நாள் போயிற்று. தீட்டுக் கழிந்த மறுநாள் அப்பாவுக்கு மாற்றல் உத்தரவு... நாலே நாளில் அம்பாசமுத்திரத்தில் போய்ச் சேர வேண்டும்.

"கிண்ணத்தக் குடுத்துட்டுப் போவோம்டி" என்றார் அப்பா.

"வெறுங்கிண்ணத்தையா? பீவி அக்கா என்ன நெனப்பாக?" என்றாள் அம்மா. நபீசாவின் உம்மாதான் அவளுக்குப் பீவி அக்கா. "திருச்செந்தூருக்கு வராமலா இருக்கப் போறோம்? அப்ப சுசியத்தோட குடுத்துக்கிடலாம்."

போனோம். அதற்கப்புறம் திருச்செந்தூருக்குப் பத்து தடவையாவது போயிருப்போம். ஒரு தடவை கிண்ணத்தை மறந்துவிட்டோம். ஒரு தடவை சுசியம் ரயிலிலேயே ஊசிப்போய்விட்டது. இரண்டையும் சரியாகக் கொண்டுபோன தடவை, அவர்கள் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. கொழும்புக்குப் போய் ஒரு மாதமாம்.

மரியாதைக்குப் பயந்து பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்காமலே விட்டவர்கள் திருநெல்வேலிச் சீமையில் எங்களைப் போல் இன்னும் எத்தனை பேரோ! உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தூக்குவாளி இருக்கும், ஏறிப் பாருங்கள்.

அந்தக் கிண்ணம் எங்களோடு ஊர் ஊராக வந்தது. கொஞ்ச காலம் அப்பா அதில் திருநீறு வைத்திருந்தார். 'அடுத்த வீட்டுச் சாமான்' என்று அம்மா அதை அடிக்கடி எடுத்துத் துடைப்பாள். அம்மா போன பிறகு என்னிடம் வந்தது. நாற்பது வருடத்தில் ஒரு கீறல் இல்லை. விளிம்பில் மட்டும் எறும்பு கடித்த மாதிரி ஒரு சின்னத் துணுக்குப் போயிருக்கும். அதுவும் வரும்போதே இருந்தது.

அதை நான் ஸ்டூலில் ஏறி எடுத்தேன். "பைய எடுட்டி, பைய எடு" என்று கீழேயிருந்து வீட்டுக்காரர் சொன்னார். "எனக்குத் தெரியும், நீங்க சும்மா இருங்க" என்று திரும்பினேன்...

அவ்வளவுதான். திரும்பியிருக்கக் கூடாது.

எத்தனை துண்டு என்று எண்ணவில்லை. அழுகையும் ஆத்திரமுமாக வாரி, குப்பை வண்டியில் நானே கொண்டுபோய்க் கொட்டினேன். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

சாயங்காலம் மறுபடி நபீசா போன். என்னென்னவோ பேசினாள். கடைசியில், "வடிவு... எங்க வீட்டுக் கிண்ணம் ஒண்ணு உங்க வீட்டுல இருந்துச்சே, அது இன்னும் இருக்கா புள்ள?" என்றாள்.

அந்தக் குரலில் ஒரு ஆசை இருந்தது பாருங்கள்... என் வாய் தானாகச் சொல்லியது. "ஐயோ, பத்திரமா இருக்கே!"

போனை வைத்தேன். எதிரே வீட்டுக்காரர். முப்பது வருடம் இன்ஜினீயராக இருந்து ரிட்டயர் ஆனவர். பேச்சில் எப்போதும் ஸ்குரூ டிரைவர் இருக்கும்.

"பத்திரமாத்தான் இருக்கு. குப்பக் கெடங்குல" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. முட்டுவலி என்றேன். அடுத்த ஞாயிறும் முட்டுவலி. பொய்யில் ஒரு சௌகரியம், அதையே திரும்பத் திரும்பச் சொல்லலாம். கடை கடையாக ஏறி இறங்கினேன். அப்படி ஒரு கிண்ணம் எங்கும் இல்லை. பட்டை இருந்தால் பச்சை இல்லை. பச்சை இருந்தால் பூப்போட்டிருந்தது. ஆன்லைனில் தேடினால் நாய்க்குச் சோறு வைக்கிற கிண்ணம் வருகிறது.

அப்போதுதான் முருகன்குறிச்சிப் பக்கம் பியூலாவின் போர்டைப் பார்த்தேன். 'மண்பாண்ட வகுப்பு. சனி, ஞாயிறு.'

பியூலாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். புதுச்சேரி பக்கம் போய்ப் படித்துவிட்டு வந்து, தாத்தா வீட்டுப் பின்கட்டில் கரண்டில் ஓடுகிற மூன்று சக்கரமும் ஒரு சூளையும் வைத்திருக்கிறாள். ஜீன்ஸ், இடுப்பில் ஏப்ரன், மூக்கில் எப்போதும் களிமண். நான் பேப்பரில் கிண்ணத்தை வரைந்து காட்டினேன்.

"பட்டக் கிண்ணமா ஆன்ட்டி? செய்யலாமே. எத்தன பட்ட?"

வீட்டில் ஏற்கெனவே இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தேன். "பட்டையா? அது உருண்டைலா!" என்றார் வீட்டுக்காரர். முப்பது வருடமாக அதே வீட்டில் இருக்கிறவர்!

எனக்குச் சந்தேகமே இல்லை. எட்டு.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? நபீசா வீட்டில் நோன்பு திறக்கிற நேரத்துக்கு நானும் போய் உட்கார்ந்துவிடுவேன். பாங்கு சொன்னதும் உம்மா எல்லோருக்கும் கஞ்சி ஊற்றுவார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கிண்ணம். கஞ்சி கொதிக்கும். கிண்ணத்தைக் கையில் பிடிக்க முடியாது. பட்டை பட்டையாகத் திருப்பிக்கொண்டே ஊதி, பட்டைக்கு ஒரு வாய் குடிப்போம். அவளுக்கு ஒரு பட்டை, எனக்கு ஒரு பட்டை. அவளுக்கு நாலு, எனக்கு நாலு. ஐந்தாவது வாய் குடித்தால் சண்டை. பகலெல்லாம் பட்டினி கிடந்தவள் அவள். மூன்று மணிக்கு முறுக்குத் தின்றுவிட்டுப் போனவள் நான். ஆனாலும் அவள் ஒரு நாள்கூடத் தன் கணக்கில் ஒரு வாய் அதிகம் கேட்டதில்லை.

"எட்டு" என்றேன். "நானே செய்யணும். நீ செஞ்சு குடுத்தா அது விலைக்கு வாங்கினதாயிரும்."

ஏமாற்றுவதற்குத்தான் செய்கிறேன். அதிலும் எனக்கு ஒரு நேர்மை!

களிமண் பிசைவதில் எனக்கு ஒரு மிதப்பு இருந்தது. முப்பது வருடம் சப்பாத்தி மாவு பிசைந்த கை. ஆனால் மாவு நம் பேச்சைக் கேட்கும். களிமண் கேட்காது. சக்கரத்தின் நடுவில் உருண்டையை வைத்து, இரண்டு கையாலும் அணைத்து, ஆடாமல் நிறுத்த வேண்டும். இதற்கே எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. "மூச்ச இழுத்துப் புடிக்காதீங்க ஆன்ட்டி. முழங்கைய இங்கன, தொடையில ஊணிக்கோங்க" என்பாள் பியூலா. ஊன்றினால் சேலை களிமண். ஊன்றாவிட்டால் முகம் களிமண். ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, "வயல் வேலையா தாயி?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

நாலாவது வாரம் உருண்டையின் நடுவில் குழி விழுந்தது. சுவர் எழும்பியது. விரலுக்கு இடையில் ஒரு கிண்ணம் தானாக மேலே வருகிறது... அந்தச் சுகத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இழுத்தேன், இழுத்தேன், அப்பளம் மாதிரி மெல்லிசாக இழுத்தேன். என் அம்மா பார்த்திருந்தால் பூரித்துப் போயிருப்பாள். எங்கள் வீட்டில் தோசை மெல்லிசு, முறுக்கு மெல்லிசு, வாழைக்காய் வறுவல் காகிதம். தடியாக எதைச் செய்தாலும் 'கை பழகாத பிள்ளை' என்று பெயர் வாங்க வேண்டும்.

மறுநாள் பட்டை போட வேண்டும். அதற்கு ஒரு பதம் இருக்கிறது. ரொம்ப ஈரமாக இருந்தால் கம்பியில் ஒட்டும். ரொம்பக் காய்ந்தால் பொடியாக உதிரும். மைசூர்பாகு துண்டு போடுகிற பக்குவம்தான், இதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பேப்பரை வட்டமாக வெட்டி மூன்று முறை மடித்தால் எட்டு மடிப்பு. அதை விளிம்பில் வைத்து எட்டு அடையாளம் போட்டேன். இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பியை விளிம்பில் வைத்து, ஒரே இழுப்பில் அடி வரை சீவ வேண்டும். நடுவில் நிறுத்தினால் படி விழுந்துவிடும்.

முதல் பட்டை... அருமை. இரண்டாவது... அருமை. மூன்றாவதில் கம்பி உள்ளே போய் வெளியே வந்தது. கிண்ணத்துக்கு ஜன்னல் வைத்துவிட்டேன்.

பியூலா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "ஆன்ட்டி, இவ்ளோ மெல்லிசா இழுத்தா எங்கன வெட்டுறது? பட்ட போடுற கிண்ணத்தத் தடியா விடணும். கட்ட விரல் தடிப்புக்கு விடுங்க. வெட்டுறதுக்கு உள்ள எடம் வேணும்லா?"

தடியாக விடு என்கிறாளே! என் கை கேட்டால்தானே? ஐம்பத்தேழு வயது வரை 'மெல்லிசா, மெல்லிசா' என்று பழகிய விரல்கள். தடியாக விட்டுவிட்டு எழுந்திருப்போம் என்று நினைப்பேன். கடைசி நிமிடத்தில் கை தன்னால் போய் ஒரு இழுப்பு இழுத்துவிடும். இப்படியே ஜன்னல் வைத்த கிண்ணம் ஏழு.

எட்டாவது தடவை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்தேன். சக்கரத்தில் இருந்தது கிண்ணமே அல்ல, குட்டி உரல். பார்க்கச் சகிக்கவில்லை. மறுநாள் அந்த உரலில்தான் கம்பியை வைத்தேன். எதிர் எதிராக நாலு, அப்புறம் இடையில் நாலு. ஒவ்வொரு சீவலும் தோல் மாதிரி கழன்று விழுந்தது. விழ விழ, உள்ளேயிருந்து நபீசா வீட்டுக் கிண்ணம் வெளியே வந்தது.

கம்பியைக் கீழே போட்டுவிட்டு ஏங்கி ஏங்கி அழுதேன். பியூலா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

எதற்கு அழுதேன் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். நாற்பது வருடம் ஒருத்தியோடு பேசவில்லை, பார்க்கவில்லை. கல்யாணம், குழந்தை, சாவு எதற்கும் போகவில்லை. காலம் அத்தனை சீவிவிட்டது. ஆனாலும் 'நான் நபீசா' என்று ஒரு குரல் கேட்டதும் எனக்கு வேறு யாருமே நினைவில் இல்லையே! அந்த மூன்று வருடத்தில் நாங்கள் ஒருத்தி மேல் ஒருத்தி வைத்த பிரியம் அவ்வளவு தடிப்பு. இப்போதெல்லாம் பழகும்போதே மெல்லிசாகத்தான் பழகுகிறோம். குட்மார்னிங் மெசேஜோடு சரி. அதில் ஒரு சீவு விழுந்தாலும் ஜன்னல்தான்.

சரி, கதைக்கு வருகிறேன். சூளையிலிருந்து கிண்ணம் வந்தது. பார்த்தால்... சிறிசு! சூளையில் மண் சுருங்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? "சொன்னேனே ஆன்ட்டி" என்றாள் பியூலா. சொல்லியிருப்பாள். மறுபடி பெரிதாகச் செய்தேன். இரண்டு அடியில் விரிசல் விட்டன. ஒன்றில் பச்சை போய் நீலம் வந்தது. பன்னிரண்டாவது கிண்ணம் சரியாக வந்தது. அதே உயரம், அதே பிஞ்சு வெண்டைக்காய்ப் பச்சை, பட்டை சேருகிற இடத்தில் அதே பழுப்புக் கோடு.

ஆனால் புதுசாக மின்னியது. விடுவேனா? இரண்டு நாள் டீ டிகாஷனில் ஊறப் போட்டேன். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். விளிம்பில் எறும்பு கடித்த துணுக்குக்காக நகவெட்டியின் அரத்தை எடுத்து ராவிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். "ஏட்டி, நீ கிண்ணமா செய்யுத? பழைய சிலையக் கடத்துதவன் தோத்தான் போ! பேசாம அவட்ட உண்மையச் சொல்லிரேன்."

"நீங்க சும்மா இருங்க" என்றேன். போன தடவை அந்த வார்த்தையைச் சொன்னபோது என்ன ஆயிற்று என்று அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ராவுவதை நிறுத்திவிட்டுக் கிண்ணத்தைத் துணியில் சுற்றினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை திருச்செந்தூர் ரயிலில் போனேன். மடியில் கிண்ணம், பையில் சுசியம். விடியும் முன்னே எழுந்து, வண்டு இல்லாத பயறாகப் பார்த்து ஊறப் போட்டுச் சுட்டது. ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் வாழைத்தோப்பு, ஆறுமுகனேரி வந்ததும் வெள்ளை வெளேரென்று உப்பளம். காற்றில் அந்தக் கடல் வாசனை அடித்ததும் பதினாலு வயது ஆகிவிட்டது. பயத்துக்கு மட்டும் ஐம்பத்தேழு வயது.

கதவைத் திறந்தது உம்மாவா என்று ஒரு நிமிடம் திகைத்துப் போனேன். நபீசாதான். அதே மூக்கு, அதே முக்காடு. கட்டிப் பிடித்துக்கொண்டோம். என்ன பேசினோம் என்று கேட்காதீர்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம், ஒன்றும் காதில் விழவில்லை.

சமையல்கட்டில் போய், கிண்ணத்தில் சுசியத்தை அடுக்கி அவள் கையில் கொடுத்தேன்.

"உங்கம்மா சுசியமா?" என்றாள். பிறகு கிண்ணத்தைப் பார்த்தாள். சுசியத்தை எல்லாம் ஒரு தட்டில் கொட்டிவிட்டு, கிண்ணத்தை எடுத்துக் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள்.

"ஆறுல அஞ்சு போயிடுச்சு புள்ள. கொழும்புல வீடு மாத்துனப்ப மூணு. அப்புறம் அங்கயே ரெண்டு. ஒவ்வொண்ணு உடையும்போதும் உம்மா என்ன சொல்லுவாங்க தெரியுமா? 'போனாப் போகுது, வடிவு வீட்டுல ஒண்ணு பத்திரமா இருக்கு'ம்பாங்க. மவுத்தாகுறதுக்கு முந்தின வாரம்கூடச் சொன்னாங்க. உம்மா கை பட்டதுன்னு எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

சொல்லிக்கொண்டே போனை எடுத்தாள். வீடியோ காலில் துபாய் மகள். "இங்கப் பாரு, இதான் உங்க உம்மும்மா கிண்ணம்! நாப்பது வருசமா வடிவு மாமி பத்திரமா வச்சிருந்து கொண்டாந்திருக்கா..."

அந்தப் பெண் திரையில் கண் விரிய என்னைப் பார்த்தாள்.

பொய் ஒருத்தியிடம் சொன்னபோது தாங்கினேன். அது அடுத்த தலைமுறைக்குப் போகிறதைத் தாங்க முடியவில்லை. நாளைக்கு இந்தப் பெண் தன் பிள்ளையிடம் காட்டி 'உங்க பாட்டியோட உம்மா கை பட்டது' என்று சொல்லும். அதில் பட்டிருப்பது என் கையும், டீ டிகாஷனும்!

"நபீசா, அது அது இல்ல" என்றேன்.

"எது எது இல்ல?"

"உம்மா கிண்ணம் உடைஞ்சு போச்சு. நான்தான் உடைச்சேன். நீ மொதல்ல போன் பண்ணின அன்னிக்கு. இது... வேற."

நபீசாவின் முகம் வெளுத்தது. கிண்ணத்தை மேஜையில் வைத்தாள். போனையும் வைத்தாள். உள்ளே போய்விட்டாள். அறையில் நானும், மல்லாந்து கிடந்த போனில் துபாய்ப் பெண்ணும்தான். பாவம், அதற்கு மின்விசிறி மட்டும் தெரிந்திருக்கும். "உம்மா? மாமி? யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டது.

பத்து நிமிடம். எழுந்து போய்விடலாமா என்று இரண்டு தடவை பையை எடுத்தேன். எங்கே போவது? ஊருக்குத் திரும்புகிற வண்டி சாயங்காலம்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நான் கேட்டப்ப பத்திரமா இருக்குன்னியே?"

"பொய்."

"நாலு மாசமா முட்டுவலின்னியே?"

"அதுவும் பொய்."

"அல்லா! உன் முட்டுக்காக அஞ்சு வேளையும் துவா செஞ்சேன் புள்ள!" என்று ஒரு சத்தம் போட்டாள். தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். "கிண்ணம் போனாப் போகுது. கை தவறும். எனக்குத் தவறலயா? அஞ்சு எங்க கையிலதானே போச்சு? அதுக்காக நாலு மாசம் என் மூஞ்சில முழிக்காம இருந்தியே... நான் இங்க தனியா உக்காந்து, 'வடிவுக்கு நம்மளப் பாக்க இஷ்டம் இல்ல போல'ன்னு நெனச்சேன்டி!"

கிண்ணம் கிண்ணம் என்று அலைந்தேனே, இவள் கேட்டது கிண்ணத்தையா?

நபீசா மேஜையில் இருந்த கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். "சரி, இது எந்தக் கடையில வாங்குன?"

"வாங்கல. செஞ்சேன்."

"யாரு?"

"நான்தான். சக்கரத்துல உக்காந்து. இது பன்னெண்டாவது. பதினொண்ணு வீணாப் போச்சு."

நம்பவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். நக இடுக்கில் இன்னும் போகாத களிமண். கிண்ணத்தைத் திருப்பினாள். ஒவ்வொரு பட்டையாக விரலை வைத்துத் திருப்பித் திருப்பி... வாய்க்குள் எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எட்டு வந்ததும் நிறுத்தினாள்.

"உம்மா கிண்ணம் வாப்பா கொழும்புல ஏதோ கடையில வாங்குனது" என்றாள் மெதுவாக. "எனக்குன்னு யாரும் இதுவரைக்கும் ஒண்ணும் செஞ்சு தந்ததில்ல புள்ள."

அதற்கப்புறம் இரண்டு பேரும் அழுததை எழுதப் போவதில்லை. அது எங்கள் சொந்த விஷயம்.

மத்தியானச் சாப்பாட்டில் எனக்கு மட்டும் உப்பு குறைவாக இருந்த மாதிரி தோன்றியது. கோபம் முழுசாகப் போயிருக்காது. நான் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் ரயிலடி வரைக்கும் வந்தாள். வண்டி கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இனிமே பொய் சொல்லணும்னா போன்ல சொல்லாத வடிவு. நேர்ல வந்து சொல்லு."

அடுத்த மாதமே போகிறேன். பொய்தான் இன்னும் அகப்படவில்லை.